பழுது பல்பிலா, போல்ட்டிலா?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கடந்திருக்கிறீர்களா? அங்கே பச்சைத் தோல் ஏற்றிய வேன்களைப் பார்த்திருப்பீர்கள். தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பை அள்ளித் தூவுவார்கள். தோலிலுள்ள நீரை உப்பு உறிஞ்சும். அந்த உப்புநீர் சொட்டுச் சொட்டாக வண்டியின் அடிப்பகுதியில் வடியும்.

அப்படி ஒரு வேனின் சொந்தக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பின்பக்கப் பிரேக் விளக்கு மங்கிவிட்டது. புது பல்பு வாங்கிப் போட்டார், நன்றாக எரிந்தது. சில வாரங்களில் மறுபடியும் மங்கல். இன்னொரு பல்பு. பிறகு ஹோல்டர். பிறகு சுவிட்ச். பணம் போய்க்கொண்டே இருக்கிறது. பழுது மட்டும் போகவில்லை. ஏன்?

முதலில் விளக்கின் மின்சுற்றைப் பார்ப்போம். பாட்டரியின் நேர்முனையிலிருந்து கம்பி வழியாக மின்னோட்டம் பல்புக்கு வருகிறது. திரும்பிச் செல்லப் பாட்டரி வரை தனிக் கம்பி கிடையாது. வண்டியின் இரும்பு உடலே திரும்பும் பாதை. பல்பின் இன்னொரு முனையை ஒரு சிறு கம்பியால், செம்பு அல்லது பித்தளை வளையம் வைத்து, இரும்பு உடலோடு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். மெக்கானிக்குகள் இதை 'எர்த்' என்பார்கள். காரிலும் இதே ஏற்பாடுதான்.

செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் என்ன ஆகும்? இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்புநீர். 1800-இல் வோல்டா அறிவித்த மின்கலமும் இப்படிப்பட்டதுதானே! இந்தக் குட்டி மின்கலத்தில் இரும்புதான் கரைந்து துருவாகிறது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போல் காற்று ஈரமானதும் அந்த உப்பு மீண்டும் நனைகிறது. அரிப்பும் மீண்டும் தொடங்குகிறது.

துரு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பிரேக் பல்பு 21 வாட், பாட்டரி 12 வோல்ட் என்றால் எரியும் இழையின் தடை சுமார் 7 ஓம். துருப்பிடித்த போல்ட்டில் 3 ஓம் தடை சேர்ந்துவிட்டதாகக் கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, இழையின் தடை மாறாது என்றும் கொள்வோம். மொத்தத் தடை 10 ஓம். 1827-இல் ஓம் வெளியிட்ட விதிப்படி மின்னோட்டம் 12 ÷ 10 = 1.2 ஆம்பியர். பல்புக்குக் கிடைப்பது 1.2 × 7 = 8.4 வோல்ட். மீதி 3.6 வோல்ட் துருவிலேயே வீணாகி வெப்பமாகிறது. பல்பின் திறன் 10 வாட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒளியோ அதைவிட வேகமாகக் குறையும். இரவில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அந்த விளக்கு தெரியாமற்போனால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

"புது பல்பு போட்டதும் எரிந்ததே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! பல்பைக் கழற்றி மாட்டும்போது ஹோல்டரும் கம்பியும் அசைகின்றன. துரு கொஞ்சம் உரசி விலகுகிறது; தொடர்பு கிடைக்கிறது. பெயர் பல்புக்குப் போய்விடுகிறது! சில நாளில் துரு மறுபடி மூடிக்கொள்கிறது.

இன்னொரு அடையாளமும் உண்டு. சில வண்டிகளில் பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்குகளும் மங்கலாக எரியும். நேர்வழி அடைபட்டதால், மின்னோட்டம் பக்கத்து விளக்கின் இழை வழியாகச் சுற்றிப்போய், வேறோர் இடத்தில் எர்த்தைத் தேடிக்கொள்கிறது.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எப்படி? மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றதைப் பல்பின் எர்த் முனையிலும் வைத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். எர்த் சரியாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். நம் கணக்கிலுள்ள வேனில் 3.6 வோல்ட் காட்டும். பிறகு பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, போல்ட்டையும் வளையத்தையும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் பூசினால் போதும். உப்பு செய்த கேட்டை உப்புத்தாள் தீர்த்துவிடும்!

செய்து பாருங்கள்: இரண்டு இரும்பு ஆணிகளில் செம்புக் கம்பியைச் சுற்றுங்கள். ஒன்றை நல்ல தண்ணீரிலும் மற்றொன்றை உப்புநீரிலும் பாதி மூழ்கும்படி வையுங்கள். ஒரு வாரம் தினமும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எதில் துரு அதிகம்?

ஒரே பாகம் இரண்டாம் முறையும் கெட்டால் கடைக்கு ஓடாதீர்கள். மின்னோட்டம் வரும் வழியை மட்டுமல்ல, திரும்பிப் போகும் வழியையும் பாருங்கள்.