இருளும் ஒளியும் ஒரே படத்தில்

நுழையும்முன்

கண் காணும் காட்சி ஒளிப்படத்தில் அப்படியே பதிவதில்லை. வெயிலும் நிழலும் அருகருகே அமைந்த இடங்களில் இவ்வேறுபாடு மிகும். அதனைக் குறைக்கும் முறையொன்றை இப்பாடம் விளக்குகிறது.

பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலையில் நீர்வண்ணப் பெருமாள் கோயில் அடிவாரத்திலும், அரங்கநாதர் கோயில் மலைமேலும் உள்ளன. நண்பகலில் மலைமேல் கல் மண்டபத்து நிழலில் நின்று வெளியே நோக்குகிறோம். தூணின் செதுக்கு வேலையும் தெரிகிறது. வெயில் காயும் வானும் தெரிகிறது. ஒளிப்படக் கருவியோ இரண்டில் ஒன்றையே தருகிறது. தூணுக்கு ஏற்ப ஒளியை அளந்தால் வானம் வெறும் வெண்மையாகும். வானுக்கு அளந்தால் தூண் கரியாகும். நம் கண் இடந்தோறும் தன்னைத் திருத்திக்கொண்டே பார்க்கிறது. கருவிக்கோ முழுக் காட்சிக்கும் ஒரே அளவுதான்.

இக்குறை ஒளிப்படக்கலை தோன்றிய நாள்முதல் உள்ளது. அக்காலத்து எதிர்மறைப் படிகள் நீல ஒளிக்கே மிகுதியாக இசைந்தமையால் வானம் வெறுமையாகப் பதிந்தது. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு படிகளை எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே வானத்தைப் பல கடல்களுக்கு மேல் பொருத்தியதும் உண்டு! 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தம் படிகளில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். படங்கள் அழகியவை; ஆயினும் அந்த மேகங்கள் அன்று அங்கு இருந்தவை அல்ல.

இன்றைய முறை இதனின் வேறானது. கருவியை முக்காலியில் நிறுத்தி, 1/500, 1/125, 1/30 நொடி என ஒளிபுகும் நேரத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள் எடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் முன்னதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி புகுகிறது. துளையின் அளவை மாற்றலாகாது. மாற்றினால் தெளிவு விழும் ஆழம் படத்துக்குப் படம் வேறுபடும். பின்னர்க் கணினி, மிகையாக வெளுக்காமலும் இருளில் மூழ்காமலும் உள்ள பகுதிகளை ஒவ்வொரு படத்திலிருந்தும் கூடுதலாக ஏற்று இணைக்கிறது. 2007இல் மெர்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் ஆகியோர் வகுத்த முறை, நுணுக்கம், நிறச்செறிவு, நடுத்தர ஒளி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு படப்புள்ளியிலும் அளந்து பங்கிடுகிறது. வானும் தூணும் அதே இடத்தில், அதே வேளையில் இருந்தவையே. இணைப்பு மிகையானால் தூணைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். நிழலே இல்லாத மண்டபம் பொய்யாகத் தெரியும்.

திறன்பேசிகள் இப்பணியைத் தாமே செய்கின்றன. ஆனால் படியேறி வருபவர் மூன்று படங்களிலும் மூன்று இடங்களில் இருப்பார்; இணைத்தால் ஆவிபோல் மங்கித் தெரிவார். அப்பகுதிக்கு மட்டும் ஒரே படத்தைக் கொள்ள வேண்டும். எந்தப் படம் என்பதை எடுப்பவரே தேர்தல் நன்று.