திருடன் கதை எழுத வரும் பிள்ளைகளுக்கு

மாயநாட்டில் திரியும் ஒரு குறும்புக்காரத் திருடனின் சாகசங்களை எழுத வேண்டும் என்று போடிப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆசை. தாராளமாக எழுதுங்கள். திருடனின் சாமர்த்தியத்தைச் சொல்லும்போது பறிகொடுத்தவரையும் மறக்காதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது. அதற்கான வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. முதலில் நம் வீட்டுச் சொத்தைப் படியுங்கள். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் ஒரு கள்வனின் கதையைச் சொல்கிறான். அந்தக் கள்வன் பகலில் தூதன் வேடத்தில் அரண்மனை வாசலில் நிற்கிறான். இரவில் பெண் வேடத்தில் உள்ளே போய், விளக்கு நிழலில் பதுங்கி, உறங்கும் இளவரசனின் ஆரத்தைப் பறிக்கிறான். இளவரசன் வாளை உருவிக் குத்தினால் அவன் உறையைப் பிடித்து அதிலேயே குத்தை வாங்கிக்கொள்கிறான். மற்போருக்கு வந்தால் ஒரு தூணோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டு மறைந்துபோகிறான். இத்தனையும் சில வரிகளுக்குள் முடிகிறது. அந்தச் சிக்கனத்தைப் பழகுங்கள்.

2. மாயத்துக்கு அளவு வையுங்கள். கருவி, காலம், இடம், தந்திரம், சகுனம், மருந்து, தெய்வம், மந்திரம் என்று கள்வனுக்கு எட்டுத் துணைகளை அதே காதை அடுக்குகிறது. எட்டும் கையில் இருந்தால் அவனைப் பிடிக்க ஆளில்லை. ஆளில்லை என்றால் கதையும் இல்லை. உங்கள் திருடனுக்கு இரண்டைக் கொடுங்கள். நெருக்கடியில் அதிலும் ஒன்று கைவிடட்டும்.

3. காவல்காரரை முட்டாளாக்காதீர்கள். மதுரைக்காஞ்சியில் இருட்டோடு இருட்டாக உடுத்தி, இடுப்பில் நூலேணி சுற்றிய கள்வர் வருகிறார்கள். அவர்களைத் தேடி நடுச்சாமத்து மழையிலும் தெருவில் நடப்பவர்கள் களவின் நுணுக்கம் அறிந்த ஊர்க்காவலர்கள். காவல் கெட்டியாக இருந்தால்தான் கன்னக்கோலுக்கு மரியாதை.

4. மலையைக் கால்களால் அறியுங்கள். போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றையடிப் பாதை உண்டு. எது வண்டிக்கு ஆகும், எது தலைச்சுமைக்கு ஆகும், மேகம் இறங்கினால் எங்கே வழி தப்பும் என்பது தெரிந்தால் துரத்தல் காட்சி தானாக அமையும். நாட்டின் பெயர் கற்பனையாக இருக்கலாம். மூச்சு வாங்குவது நிஜமாக இருக்க வேண்டும்.

5. களவுபோகும் பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ காய்ந்த காய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும். ஸ்டோர் என்னும் உலர்த்தும் கூடத்தில் விடிய விடிய சூடு காட்ட வேண்டும். பச்சையாகத் திருடினால் சுமை; காய்ந்ததைத் திருடினால் மணம் காட்டிக்கொடுக்கும். இந்த இக்கட்டிலிருந்தே ஒரு முழு அத்தியாயம் பிறக்கும்.

6. களவுக்கும் ஒரு நடைமுறை உண்டு. மதுரைச் சீமையில் துப்புக்கூலி என்று ஒரு வழக்கம் இருந்தது. மாட்டைப் பறிகொடுத்தவர் ஆள் வைத்துப் பேசி, கூலி கொடுத்தால் மாடு திரும்பிவரும். சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் நாவலில் களவும் காவலும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்று பாருங்கள். உங்கள் மாயநாட்டுக்கும் இப்படி எழுதாத சட்டங்களை வகுத்துக்கொள்ளுங்கள்.

7. பறிகொடுத்தவருக்கு ஒரு முகம் கொடுங்கள். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரை போனது. அப்படிப்பட்ட நாளில் ஒரு மூட்டை போனால் சிறு தோட்டக்காரர் காய் எடுப்பவர்களின் கூலிக்கு எங்கே போவார்? அடுத்த எடுப்புக்கு நாற்பது நாள் ஆகும். அந்த வீட்டில் அன்றிரவு என்ன பேசினார்கள் என்பதையும் எழுதுங்கள்.

8. ஒரு சனத்தையே திருடர் என்று எழுதாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1871-ல் வெள்ளைக்கார அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. பிறந்த குழந்தையையும் குற்றவாளியாகப் பார்த்த சட்டம் அது. அதன்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது; பதினாறு பேர் செத்தார்கள். அந்த ஊர் நமக்குப் பக்கத்தில், உசிலம்பட்டிச் சீமையில்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆயிற்று. மாயநாட்டிலும் "அந்தக் குலமே களவுக் குலம்" என்று ஒரு வரி எழுதினால், அந்த ரேகைப் பதிவேட்டில் நீங்களும் ஒரு பக்கம் சேர்த்தவர்கள் ஆவீர்கள். திருடுவது ஓர் ஆள். அவன் ஏன் திருடினான் என்பதை அவனிடமே கேளுங்கள்.

9. எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காய் எடுக்கப் போகும் அக்காமார், தோட்டக் காவல்காரர், ஏல மையத்தில் மூட்டை தூக்கும் அண்ணன்மார் கேட்கட்டும். திருடனும் தப்ப வேண்டும், பொருளும் உரியவருக்குத் திரும்ப வேண்டும் என்று இரண்டுக்கும் சேர்த்து அவர்கள் மனம் தவித்தால் கதை தேறிவிட்டது.