பெல்ட்டைக் காப்போம், வேலையைக் காப்போம்

கொல்கத்தாவின் தென்பகுதியில் டாக்குரியா ரயில் நிலையம் இருக்கிறது. சியால்டாவிலிருந்து கானிங் போகும் மின்சார ரயில் அதன் வழியாகத்தான் செல்லும். நகரம் முடிந்ததும் நெல்வயல்கள் வரும். மழைக்காலத்தில் அங்கே பவர் டில்லர் சேறடிக்கும். நம் தஞ்சாவூர் வயலிலும் பவர் டில்லர் உண்டு. சேறும் ஒன்றுதான், தொல்லையும் ஒன்றுதான்.

ஒருநாள் காலை. நாற்றுப் பறித்தாகிவிட்டது. நடவுப் பெண்கள் வரப்பில் காத்திருந்தார்கள். நடுவயலில் டில்லர் நின்றுவிட்டது. ரப்பர் கருகிய வாசனை வந்தது. டில்லர் ஓட்டிய தம்பி, பட்டறை அண்ணனை அழைத்து வந்தார்.

"போன மாதம்தானே அண்ணே புது பெல்ட் போட்டேன்?"

"எத்தனை போட்டாய் தம்பி?"

"மூன்றில் ஒன்றுதான் அறுந்தது. அதை மட்டும் மாற்றினேன்."

"அதுதான் தப்பு. பழைய பெல்ட் நீண்டு தொய்ந்திருக்கும். பாரமெல்லாம் புதியதன் மேல் விழும். மாற்றினால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்."

எஞ்சினின் சக்தியைப் பெல்ட்தான் கிளட்சுக்குக் கொண்டுபோகிறது. பெல்ட் தொய்ந்தால் புல்லியில் வழுக்கும். வழுக்கினால் உராயும். உராய்ந்தால் சூடாகும். சூட்டில் ரப்பர் இறுகி வெடிக்கும். மிகவும் இறுக்கினாலும் கெடுதல்தான். பேரிங் தேய்ந்துவிடும்.

அண்ணன் சொன்ன வழிகள்:

1. முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். ஓடும் பெல்ட்டில் கை வைக்காதீர்கள். விரல் போய்விடும். மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். வேட்டி, சேலை சிக்கிக்கொள்ளும்.

2. பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். எவ்வளவு அமுங்கலாம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். புது பெல்ட் சில மணி நேரம் ஓடியதும் தளரும். மறுபடி சரிபாருங்கள்.

3. டீசல், ஆயில், சேறு படாமல் துடையுங்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும்.

4. இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கோணினால் பெல்ட்டின் ஓரம் தேயும்.

"கிளட்ச் ஏன் அண்ணே சூடாகிறது?"

"நீ நெம்புகோலைப் பாதியில் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறாய். அப்போது தட்டுகள் முழுதும் சேராமல் உரசும். சேர்த்தால் முழுதாகச் சேர். விட்டால் முழுதாக விடு. வண்டி சேற்றில் மாட்டினால் முறுக்காதே. கிளட்சை விடு, எஞ்சினை நிறுத்து. கத்தியில் சுற்றிய புல்லை எடு. சூடு ஆறட்டும். பிறகு ஓட்டு."

மூன்று பெல்ட்டும் மாற்றினார்கள். மதியம் சேறடித்து முடிந்தது. ஆனால் அரைநாள் போனது போனதுதான். காலையில் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அந்த அரைநாள் மிஞ்சியிருக்கும் அல்லவா?

சிந்திப்போம்:

1. ஒரு பெல்ட்டை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

2. பெல்ட்டைத் தொடுமுன் செய்ய வேண்டியது என்ன?

3. உங்கள் ஊரில் பெல்ட் ஓடும் இயந்திரங்கள் எவை? மூன்றின் பெயரை எழுதுங்கள்.