பரிசுக்குரிய கட்டுரை எது?

இந்திய வரலாற்றுப் பேரவை 1935-இல் புனேயில் தோன்றியது. அதன் ஆண்டு மாநாடுகளில் இளம் ஆய்வாளர்தம் சிறந்த கட்டுரைகளுக்கு, மறைந்த வரலாற்றறிஞர் பெயரால் பரிசுகள் வழங்கப்பெறுகின்றன. அப்பரிசுக்குத் தகுதி யாது?

அடி அண்ணாமலையில் வாழும் மாணவர் விடையை அயலூரில் தேட வேண்டுவதில்லை. அண்ணாமலையார் திருக்கோயிலில் வல்லாள மகாராசன் கோபுரம் நிற்கிறது. போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் திருவண்ணாமலையில் தங்கி ஆண்டவர். அவர் மகப்பேறற்றவர் என்றும், இறைவனே மகனாகி நீத்தார் கடன் ஆற்றுகிறார் என்றும் மக்கள் நம்புவர். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாபட்டில் அவ்விழா நடைபெறுகிறது. வரலாறோ, அவருக்குப்பின் அவர் மகன் விருபாக்கர் பட்டமேறினார் என்கிறது. இம்முரண் ஒன்றே நல்லதோர் ஆய்வு வினா.

மற்றொரு சான்று நம் சமுதாயத்தாருடையது. வல்லாளரை மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் சிறைப்பிடித்து, செல்வத்தைப் பெற்றுக்கொண்டபின் கொன்று, உரித்த தோலில் வைக்கோல் திணித்து மதிலில் தொங்கவிட்டதை எழுதியவர், அச்சுல்தானின் சகலரான இப்னு பதூதாவே. அவருடைய வேறு கொடுமைகளையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்துள்ளார்.

தமக்கும் உறவினர்க்கும் எதிராயினும் நீதிக்குச் சான்று பகருமாறு திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் பணிக்கிறது. உறவினர் பிழையை மறைப்பது வரலாறன்று. அயலார் மரபை இகழ்வதும் வரலாறன்று. கோபுரம், விழா, பயணநூல் மூன்றையும் ஒரே துலாக்கோலில் நிறுக்கும் மாணவர், பரிசு கிட்டினும் கிட்டாவிடினும் வரலாற்றறிஞரே.