போன் சார்ஜரில் ஏறாத நெபுலைசர்

மகனின் வீசிங்குக்காக வாங்கிய கையடக்க நெபுலைசர், புது போனின் டைப்-சி சார்ஜரில் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது. பழைய சார்ஜரில் ஏறுகிறது. பேட்டரி போய்விட்டதா?
– வாசகி, திண்டுக்கல்

கவலை வேண்டாம், பேட்டரி நன்றாகவே இருக்கிறது. இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில், எதிரே 5.1 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பிறகே சார்ஜர் மின்சாரம் அனுப்பும். சிறு கருவிகள் பலவற்றில் அந்த மின்தடையை வைப்பதில்லை. பழைய சார்ஜரின் அகலமான யு.எஸ்.பி. துளையோ, எதையும் கேட்காமல் 5 வோல்ட் தந்துவிடும். ஆகவே அந்தச் சார்ஜரையும் கேபிளையும் நெபுலைசர் பையிலேயே போட்டுவையுங்கள். உபயோகிக்காத நாட்களிலும் வாரம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள். நள்ளிரவில் பிள்ளைக்கு இரைக்கும்போது கருவி தயாராக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.