நாய் மாத்திரையைத் தின்றுவிட்டால்...

மீன் அமிலத்துக்குக் கழிவு வாங்க மாதம் ஒருமுறை ஊரூர் ஒல்காட் குப்பம் போவேன். வங்கி வேலைக் காலத்திலிருந்தே பழக்கமான மீனவக் குடும்பம். அன்று வீட்டம்மா வாசலிலேயே பதறினார்.

"சார், காய்ச்சலுக்கு வாங்கியாந்த மாத்திரைய மணி துன்னுட்டான். இப்பத்தான், அரை மணி நேரம் இருக்கும். உப்புத் தண்ணி கரைச்சிருக்கேன், வாயப் புடிங்க சார்!"

கிண்ணத்தை வாங்கிக் கீழே ஊற்றினேன். காரணம் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன் என் தோட்டத்து நாய் நொண்டியது. என் மூட்டுவலி மாத்திரையை நானே கொடுத்தேன். ரத்த வாந்தி எடுத்துச் செத்தது. வயலில் நஞ்சு வேண்டாம் என்கிற நான், என் கையாலேயே நஞ்சு கொடுத்திருக்கிறேன்.

நண்பர்களே, ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும்; ஈறு பழுப்பாகும், மூச்சு வாங்கும். பூனைக்கோ ஒரே மாத்திரை போதும், உயிர் போக.

ஒரு கணக்குப் போடுவோம். பாராசிட்டமால், நாயின் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராமை எட்டினாலே ஆபத்து. மணி 13 கிலோ. அட்டையில் 650 மில்லிகிராம் மாத்திரை 4 குறைந்தது. மொத்தம் 2,600, கிலோவுக்கு 200. இரண்டு மடங்கு!

செய்ய வேண்டியவை:

1. மிச்ச மாத்திரையை அப்புறப்படுத்துங்கள். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை, எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. உப்புத் தண்ணீர், எண்ணெய், பால் எதுவும் புகட்டாதீர்கள். உப்பு ரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரும். மயங்கிய நாய்க்குப் புகட்டினால் நுரையீரலில் இறங்கும். கைவைத்தியத்தில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் இதற்கு அது உதவாது.

3. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 2 மணி நேரத்துக்குள் போனால், மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கலாம். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்தும் உண்டு. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகம். 1962 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

மணியை ஆட்டோவில் பக்கத்து மருத்துவரிடம் கொண்டுபோனோம். வாந்தியில் மாத்திரைத் துண்டுகள் வந்தன. முறிவு மருந்தும் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான்.

அடுத்த மாதம் போனபோது அந்தம்மா சுவரைக் காட்டினார். ஆணியில் மூடி போட்ட தூக்குவாளி.

"மாத்திரையெல்லாம் அதுலதான் சார் இருக்கு."

உங்கள் வீட்டு மாத்திரை எங்கே இருக்கிறது? இன்றைக்கே பாருங்கள்.