கேவியட் மனு: சொல்லும் பொருளும்

"கேவியட் போட்டாயிற்று, இனி கடையை யாரும் தொட முடியாது" என்று நம் வியாபாரிகள் சிலர் சொல்லக் கேட்கிறோம். அது தவறு.

கேவியட் லத்தீன் சொல். 'எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்று பொருள். 'வாங்குபவர் பார்த்து வாங்கட்டும்' என்னும் 'கேவியட் எம்ப்டர்' கொள்கையிலும் இதே சொல்தான். மிளகு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்கிறோமே, அதுதான்!

நீதிமன்றத்தில் போடும் கேவியட் வேறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 148-ஏ பிரிவு இதற்கு இடமளிக்கிறது. கட்டட உரிமையாளர் நமக்குத் தெரியாமல் இடைக்கால உத்தரவு வாங்கிவிடுவாரோ என்று அஞ்சினால் முன்கூட்டியே இம்மனுவைப் போடலாம். பிறகு அவர் மனுப் போட்டால், நமக்கு அறிவிப்பு வரவேண்டும். குண்டனி நாட்டுக் கடைக்காரர் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி நீதிமன்றம் போய்ச் சேர வேண்டாமா? அவருக்கு அந்த அவகாசமே பெரிது. ஆனால் இது தடையாணை அல்ல. உரிமையாளர் வழக்குத் தொடுப்பதை இது தடுக்காது.

எதிர்த்தரப்புக்கு ஒப்புகையுடன் அஞ்சலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பலர் கோட்டை விடுவது ஆயுளில்: 90 நாள்தான். அதற்குள் எதிர்த்தரப்பு மனுப் போடாவிட்டால் நம் கேவியட் காலாவதி. அச்சம் நீங்காதவர் மீண்டும் புதிதாகப் போட வேண்டும். போட்ட தேதியைக் கடைக் காலண்டரில் வட்டமிட்டு வைப்போம்.